ஓடும் சாயமும் ஒட்டுப் போர்வையும்



முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் இரசாயனம் கற்பித்த ஒருவன், ஒரு வாளித் தண்ணீரிடம் தோற்றுப்போன கதையை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். தோற்றவன் நானே. ஆகையால் பிறர் மனம் புண்படுமோ என்ற அச்சமின்றிப் பேசலாம்.

என் தாயாருக்கு இப்போது வயது 87. கண்பார்வை மங்குவதற்கு முன்பு அவர்கள் கடைசியாகத் தைத்தது ஓர் ஒட்டுப் போர்வை. கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கப் போகும் என் பேத்திக்கென்று அதைத் தைத்தார்கள். பெட்டியின் அடியில் கிடந்த பழந்துணிகளை எல்லாம் வெளியே எடுத்து, சாண் அளவுச் சதுரங்களாக வெட்டி, ஒன்றோடொன்று மூட்டி, நடுவே பழைய பருத்தி விரிப்பு ஒன்றை வைத்து, மேலும் கீழுமாக நூலோட்டி முடிக்க ஐந்து மாதங்கள் ஆயின. என் தங்கையின் திருமணத்திற்கு எடுத்த செங்கல் நிறக் கண்டாங்கி அதில் இருந்தது. என் மனைவியின் மதுரைச் சுங்குடி இருந்தது. என் மகள் சிறுமியாக இருந்தபோது உடுத்திய பச்சைப் பாவாடை இருந்தது. இவற்றுக்கு இடையிடையே, சதுரங்கப் பலகையில் வருவதுபோல், வெள்ளைச் சதுரங்கள். அவை என் தந்தையாரின் வேட்டிகள். தந்தையார் மறைந்து 20 ஆண்டுகள் கடந்த பின்னும் அந்த வேட்டிகளை அம்மா ஒருவருக்கும் கொடுத்ததில்லை. பேத்தியின் போர்வைக்காகவே முதன்முறையாகக் கத்தரிக்கோலை அவற்றின்மீது வைத்தார்கள்.

சுற்றிலும் கரை கட்டுவதற்குப் பழந்துணி போதவில்லை. கடைத்தெருவுக்குச் சென்று நல்ல சிவப்புப் பருத்தித் துணி 3 மீட்டர் வாங்கி வந்தேன். போர்வை முடிந்தது. பெட்டித் துணிகளில் இருந்த பாச்சை உருண்டை நாற்றம் போகவேண்டும் என்று அதை நனைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. “புதுத் துணி சேர்ந்திருக்கிறது, சாயம் போகும், இரண்டு பிடி உப்பைப் போட்டு ஊறவையுங்கள், நின்றுவிடும்” என்று அண்டை வீட்டு அம்மையார் சொன்னார்கள். நானும் போட்டேன். வாளி சிறியது. போர்வையைச் சுருட்டி, அழுத்தி, தண்ணீர் மூடும்படி அமுக்கிவைத்துவிட்டு உறங்கச் சென்றேன்.

விடிந்து பார்த்தால், தந்தையாரின் வேட்டி என்று சொல்வதற்கு ஒரு சதுரமும் வெள்ளையாக இல்லை. அம்மா கண்ணருகே வைத்துப் பார்த்து, “என்னப்பா, ஆரத்தித் தட்டை இதன்மேல் கவிழ்த்துவிட்டாயா?” என்று மட்டும் கேட்டார்கள். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. இரண்டு சொல் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சாயம் போகிறது என்று நாம் சொல்லும் ஒரு சொல்லுக்குள் மூன்று செயல்கள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, நூலைவிட்டுச் சாயம் நீருக்குள் இறங்குவது. இரண்டாவது, நீரில் அது அலைவது. மூன்றாவது, அலைந்த சாயம் வேறொரு துணியில் ஏறிக்கொள்வது. முதல் இரண்டோடு நின்றுவிட்டால் பெரிய நட்டம் இல்லை, தண்ணீரைக் கொட்டிவிடலாம். மூன்றாவது நடக்கும்போதுதான் வேட்டி சிவக்கிறது. ஒரு சேலையோ சட்டையோ தனியாகச் சாயம் விட்டால் அது மட்டுமே வெளிறும். ஒட்டுப் போர்வையின் சங்கடம் அதுவன்று. ஐம்பது துணிகளை ஒரே உடலாகத் தைத்துவிட்டோம். அவற்றுள் 49 துணிகள் ஒழுங்காக இருந்து ஒன்று மட்டும் சாயம் விட்டாலும், அந்த ஒன்றைத் தனியே பிரித்து வெளுக்க வழியில்லை.

சாயம் நூலில் எப்படி நிற்கிறது என்பதை முதலில் பார்ப்போம். பருத்தி நூல் என்பது செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. கம்பளியும் பட்டும் அமிலச் சாயங்களை எளிதாகப் பற்றிக்கொள்ளும். பருத்திக்கு அந்த இயல்பு கிடையாது. மஞ்சள் போன்ற சில சாயங்களே அதில் தாமாக ஏறும். ஏறினாலும் வெயிலிலும் சோப்பிலும் நில்லா. எனவே பருத்தியில் நிலைத்த நிறம் ஏற்றுவது உலகெங்கும் கடினமான வித்தையாக இருந்தது. அந்த வித்தையை மிகப் பழங்காலத்திலேயே கைக்கொண்டவர்கள் இந்நாட்டவர். மொகஞ்சதாரோவில் ஒரு வெள்ளிப் பாத்திரத்தோடு ஒட்டிக் கிடைத்த பருத்தித் துணித் துணுக்கில் மஞ்சிட்டி இனத்துச் சிவப்புச் சாயம் ஏறியிருந்ததை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கின்றனர். நாலாயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த சிவப்பு அது!

நமது சோழமண்டலக் கடற்கரையில் அந்தச் சிவப்பைத் தந்தது சாயவேர். இம்பூறல் என்ற சிறு செடியின் வேர் அது. துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் தோய்த்து உலர்த்துவர். சிவப்பு வேண்டிய இடங்களில் மட்டும் படிகாரக் கரைசலைத் தீட்டுவர். பின்பு துணி முழுவதையும் சாயவேர் நீரில் கொதிக்க வைப்பர். படிகாரம் பட்ட இடத்தில் சிவப்பு ஊன்றிக்கொள்ளும். படாத இடத்தில் ஏறிய மங்கல் நிறம் வெளுக்கும்போது போய்விடும். படிகாரத்தில் உள்ள அலுமினியமும் வேரில் உள்ள சாயமும் சேர்ந்து நீரில் கரையாத புதுப் பொருளாக நூலுக்குள்ளேயே விளைகின்றன என்பதே இதன் இரகசியம். இப்படி நிறத்தை ஊன்றவைக்கும் பொருளுக்கு நிறமூன்றி என்று பெயர். பெயரே பாடமாக இருக்கிறது, பாருங்கள்.

அவுரியின் வழி வேறு. அவுரி நீலம் இயல்பாக நீரில் கரையாதது. கரையாததை நூலுக்குள் எப்படிச் செலுத்துவது? சாயத்தொட்டியில் புளிக்க வைத்து, அதிலுள்ள பிராணவாயுவின் பிடியைத் தளர்த்தி, மஞ்சள்பச்சையான கரையும் வடிவத்திற்கு மாற்றுவர். துணியைத் தோய்த்து வெளியே எடுத்ததும் காற்றுப் பட்டுக் கண்ணெதிரே நீலமாகும். கரைந்த நிலையில் உள்ளே நுழைந்தது, கரையாத நிலையில் உள்ளே சிறைப்பட்டுவிடுகிறது. அதனால்தான் நல்ல அவுரித் துணி தேய்த்தால் கையில் நீலம் ஒட்டுமேயன்றி, நீரில் நனைத்ததால் மட்டும் அடுத்த துணிக்குத் தாவுவதில்லை.

பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர் நமது கரையோரத் துணிகளுக்காக ஏன் கப்பல் கப்பலாக வந்தனர் என்பது இப்போது விளங்கும். பூவேலைப்பாட்டின் அழகுக்காக மட்டுமன்று. அவை வெளுக்க வெளுக்க நிறம் மாறாதிருந்தன. படுக்கை விரிப்புகளாக அவற்றை வாங்கினர். கிழிந்த பின்னும் எறிய மனமின்றி, பூக்களையும் பறவைகளையும் தனித்தனியே கத்தரித்து வெள்ளைத் துணியில் ஒட்டித் தைத்துப் போர்வைகளாக்கினர். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உள்ள அருங்காட்சியகங்களில் அத்தகைய ஒட்டுப் போர்வைகள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. இத்துணிகளின் வரவால் தங்கள் நாட்டு நெசவு நலியும் என்று அஞ்சி, பிரான்சு 1686-ஆம் ஆண்டில் தடை விதித்தது. இங்கிலாந்து 1700-லும் 1721-லும் சட்டம் இயற்றிற்று. சோழமண்டலக் கரையில் வாழ்ந்த கூர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், இங்குள்ள சாயக்காரர்களிடம் கேட்டறிந்த முறைகளை 1742-ஆம் ஆண்டில் கடிதமாக எழுதித் தம் நாட்டுக்கு அனுப்பினார். சாயம் போகாமை என்பது அக்காலத்தில் அவ்வளவு விலைபெற்ற இரகசியம்.

இதற்கு நேர்மாறான ஒரு வேடிக்கையும் உண்டு. 1950-களின் இறுதியில் ‘மெட்ராஸ்’ என்னும் பெயருடைய கட்டம்போட்ட கைத்தறித் துணி அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாயிற்று. அதன் சாயம் போகும். குளிர்ந்த நீரில் தனியே அலச வேண்டும். ஏற்றுமதி செய்த கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர் பிற்காலத்தில் சொன்ன வரலாற்றின்படி, இந்த எச்சரிக்கை வாங்கியவர்களுக்குச் சொல்லப்படாமல் போயிற்று. அங்கே அவர்கள் வழக்கம்போல் இயந்திரத்தில் போட்டுத் துவைத்தனர். கட்டங்கள் ஒன்றில் ஒன்று கலந்து நின்றன. வழக்கு வரும் போலிருந்த நிலையில், அந்தக் குறையையே குணமாக்கி, ஒவ்வொரு சலவையிலும் புது நிறம் காட்டும் அதிசயத் துணி என்று விளம்பரம் செய்யப்பட்டது. சாயம் போவதற்கு உத்தரவாதம் தந்து விற்றார்கள், வாங்கியவர்களும் மகிழ்ந்தார்கள்! எந்தக் கரையின் துணி சாயம் போகாமைக்காகத் தடைசெய்யப்பட்டதோ, அந்தக் கரையின் துணி இரண்டு நூற்றாண்டு கழித்துச் சாயம் போவதற்காகப் பாராட்டப்பட்டது. சரித்திரத்துக்கும் சற்று நகைச்சுவை உண்டு போலும்.

என் தாயாரிடம் நான் அந்த விளம்பரத்தைச் சொல்லிப் பார்க்கத் துணியவில்லை.

மீண்டும் இரசாயனத்திற்கு வருவோம். 1856-ஆம் ஆண்டில், கொய்னா மருந்தைச் செயற்கையாக ஆக்க முயன்ற 18 வயது மாணவர் வில்லியம் பெர்க்கின், கைதவறிக் கிடைத்த கசடிலிருந்து ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டார். மாணவர்களே, அவர் உங்கள் வயதினர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் செயற்கைச் சாயங்கள் வரிசையாகப் பிறந்தன. 1868-இல் மஞ்சிட்டிச் சிவப்பு செயற்கையாக ஆக்கப்பட்டது; 1897-இல் கடைச்சரக்காக நீலமும் தொழிற்சாலையிலிருந்து வரலாயிற்று. 1884-இல் வந்த காங்கோ சிவப்பு எந்த நிறமூன்றியும் இன்றி, வெந்நீரில் போட்டதும் பருத்தியில் தானே ஏறிற்று. சாயமிடுவோர்க்கு அது பெருவரம். ஆனால் எளிதாக ஏறியது எளிதாக இறங்கவும் செய்தது. இவ்வகை நேரடிச் சாயங்கள் நூலோடு மெல்லிய கவர்ச்சியால் மட்டுமே ஒட்டியிருக்கின்றன. சூடான நீர் பட்டால் ஒவ்வொரு முறையும் சிறிது இறங்கும். பத்துச் சலவை ஆனாலும் நிற்காது.

இக்குறையைத் தீர்க்க வந்தவை வினைபுரியும் சாயங்கள். இங்கிலாந்தில் 1954-இல் கண்டறியப்பட்டு 1956-இல் விற்பனைக்கு வந்தன. இவை செல்லுலோஸுடன் உண்மையான இரசாயனப் பிணைப்பை உண்டாக்குகின்றன. சாயமும் நூலும் ஒரே மூலக்கூறு ஆகிவிடுகின்றன. இன்று கடைகளில் உள்ள பருத்தித் துணிகளில் பெரும்பாலானவை இம்முறையில் சாயமிட்டவையே. அப்படியானால் அவை ஏன் சாயம் விடுகின்றன? சாயத்தொட்டியில் உள்ள சாயம் முழுவதும் நூலோடு பிணைவதில்லை. ஒரு பகுதி நூலுக்குப் பதிலாகத் தண்ணீரோடே வினைபுரிந்து செயலற்றுப் போகிறது. அந்தச் செயலற்ற சாயம் நூலின் இடுக்குகளில் தங்கியிருக்கும். ஆலையில் வெந்நீரில் பலமுறை அலசி அதை வெளியேற்ற வேண்டும். தண்ணீரையும் விறகையும் மிச்சம் பிடித்து அலசலைக் குறைத்தால், அந்த வேலை நம் வீட்டு வாளிக்கு வந்து சேர்கிறது. அடர்ந்த சிவப்பு, கருப்பு, கருநீலம் ஆகியவற்றில் சாயம் மிகுதியாக ஏற்றப்படுவதால் மிச்சமும் மிகுதி.

ஆக, சாயம் விடும் துணிகள் இருவகை. மிச்சச் சாயத்தை மட்டும் விடுபவை. மூன்று நான்கு முறை வெந்நீரில் அலசினால் இவை அடங்கிவிடும். பிணைப்பே இல்லாதவை, இவை அடங்கா. எந்த வகை என்று அறியாமல் போர்வையில் சேர்ப்பது, ஆளை விசாரிக்காமல் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

இனி உப்பின் கதை. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருக்கிறது. பருத்தி நீரில் நனைந்தால் அதன் மேற்பரப்பு எதிர்மின் ஏற்றம் பெறுகிறது. சாய மூலக்கூறும் எதிர்மின் உடையது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். சாயமிடுவோர் தொட்டியில் உப்பைக் கொட்டுவது இதற்காகத்தான். உப்பின் சோடியம் இடையில் நின்று அந்தத் தள்ளலைத் தணிக்க, சாயம் நீரைவிட்டு நூலுக்குள் போகிறது. உப்பு சாயத்தை ஏற்றும், ஊன்றாது. உப்பு நீர் அகன்றவுடன் அதன் துணையும் அகன்றுவிடும். சாயப்பட்டறையில் உப்பு போடுவதைப் பார்த்து, உப்பு சாயத்தை நிறுத்தும் என்று மக்கள் எண்ணினர் போலும். என் வாளியில் என்ன நேர்ந்தது? புதுக்கரையிலிருந்து சிவப்பு இறங்கி நீரில் அலைந்தது. நான் போட்ட இரண்டு பிடி உப்பு, அலைந்துகொண்டிருந்த அந்தச் சிவப்பைப் பக்கத்தில் இருந்த வெள்ளை வேட்டிக்குள் செலுத்த உதவியிருக்கிறது. வேட்டியை நானே முறைப்படி சாயமிட்டிருக்கிறேன்! இந்தப் பாடத்தை எத்தனை வகுப்புகளுக்கு நடத்தியிருப்பேன் என்பதை நினைத்துப் பார்க்கவே விரும்பவில்லை.

காடியும் எலுமிச்சைச் சாறும் இவ்வாறே. கம்பளி, பட்டு ஆகியவற்றில் அமிலச் சாயம் ஏற அமிலம் துணைசெய்யும். பருத்தியில் அதற்கு வேலை இல்லை. காங்கோ சிவப்பு போன்ற சாயமாயின் அமிலம் பட்டதும் நீலமாகவே மாறிவிடும். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் பார்த்திருக்கலாம். படிகாரமோ, சாயவேர் போன்றவற்றுக்கு ஊன்றுகோல். இன்றைய ஆலைச் சாயங்கள் அதைப் பொருட்படுத்தமாட்டா.

வேட்டியைச் சிவப்பித்தவர் யார் என்று கண்டுபிடிக்க முற்பட்டேன். வீட்டில் எல்லாரும் தங்கையின் கண்டாங்கியைத்தான் சந்தேகித்தனர். அம்மா தைத்து மிஞ்சிய துண்டுகளை ஒரு பையில் சேர்த்து வைத்திருந்தார்கள், நற்காலம். ஒவ்வொன்றிலும் இரண்டு விரல் அகலம் வெட்டி எடுத்தேன். வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களில் வெந்நீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் சிறிது சலவைத்தூள் கலந்து, ஒரு துண்டும் அதனோடு ஒரு சிறு வெள்ளைப் பருத்தித் துணியும் இட்டு அரைமணி நேரம் வைத்தேன். நீரின் நிறத்தைவிட அந்த வெள்ளைத் துணிதான் முக்கியமான சாட்சி. நீர் கலங்கியும் வெள்ளைத் துணி வெளுப்பாகவே இருந்தால் அச்சம் குறைவு. ஆய்வுநிலையங்களிலும் இப்படித்தான், சாயத் துணியோடு வெள்ளைத் துணியைச் சேர்த்துத் தைத்துத் துவைத்து, கறை எவ்வளவு ஏறிற்று என்பதை 1 முதல் 5 வரை எண்ணிட்டு அளக்கிறார்கள். எண் 5 என்றால் கறையே இல்லை.

கண்டாங்கி ஒரு சொட்டும் விடவில்லை. நாற்பது ஆண்டுகளாகத் துவைத்த சேலை. விடவேண்டிய மிச்சத்தை எல்லாம் என்றோ விட்டுவிட்டது. சுங்குடியும் அப்படியே. பாவாடை இலேசாக நீரைப் பசுமையாக்கியது; வெள்ளைத் துணியைத் தொடவில்லை. நான் வாங்கி வந்த புதுச் சிவப்பின் கிண்ணம் மட்டும் பானகம்போல் ஆயிற்று. அதிலிருந்த வெள்ளைத் துணி ரோஜா நிறம் பெற்றிருந்தது. வீணே பழிசுமந்த கண்டாங்கிக்காகத் தங்கையிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். “எதற்கு அண்ணா?” என்றாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

அதே சிவப்பை நான்கு முறை வெந்நீர் மாற்றி அலசினேன். நான்காவது நீர் தெளிந்தது. ஆகவே அது மிச்சம் விடும் வகையே. கெட்ட துணி அன்று, அரைகுறையாக அலசப்பட்ட துணி. தைப்பதற்கு முன் ஒரு மாலைப்பொழுது செலவிட்டிருந்தால் இந்தப் பேச்சே நிகழ்ந்திராது. ஒட்டுவேலைக்கு வாங்கும் புதுத் துணி ஒவ்வொன்றையும் தனித்தனியே, வெந்நீரிலும் சலவைத்தூளிலும் நீர் தெளியும் வரை அலசுங்கள். துணி சுருங்குவதாயினும் அப்போதே சுருங்கிவிடும்; தைத்தபின் ஒரு சதுரம் மட்டும் இழுத்துக்கொண்டு நிற்காது. ஆறேழு முறைக்குப் பின்னும் தெளியவில்லையானால் அது இரண்டாம் வகை. சாயத்தைப் பிடித்துவைக்கும் நேர்மின் ஏற்றமுடைய கரைசல்கள் விற்கின்றன. அவை எதிர்மின் உடைய சாயத்தோடு கூடிக் கரையாத பெரிய தொகுதியாக்கிவிடும். அத்தகைய கரைசலைத் தைப்பதற்கு முன்னரே, அந்த ஒரு துணிக்கு மட்டும் இடவேண்டும். கறை ஏறிய பின் முழுப் போர்வையையும் அதில் தோய்த்தால், கறையையும் சேர்த்து ஊன்றிவிடுவோம். அந்தத் தொல்லைக்கு அத்துணியைத் தலையணை உறைக்கு வைத்துவிட்டு வேறு துணி தேடுவதே மேல் என்பது என் கருத்து.

இப்போது நனைந்த போர்வையோடு நின்ற என் நிலை. மனைவி அதைக் கொடியில் போடச் சென்றாள், நல்லவேளையாகத் தடுத்தேன். ஈரமாக உள்ளவரை ஏறிய சாயத்தை இறக்கலாம். வெயிலில் உலர்ந்து, இஸ்திரிச் சூடும் பட்டுவிட்டால் பின்னர்ப் போராட்டம் பெரிது.

திருமணங்களுக்கு வாடகைக்குவிடும் பெரிய அண்டா ஒன்றைக் கொண்டுவந்தோம். கை பொறுக்காத சூடு, ஏறத்தாழ 60 டிகிரி வெந்நீர். வழக்கத்தைவிடச் சற்று மிகுதியாகச் சலவைத்தூள். உப்பு இல்லை! போர்வையைச் சுருட்டாமல் தளர விரித்து மூழ்கவிட்டேன். ஒரு மூலையும் நீருக்கு மேலே தலைநீட்டக் கூடாது. நீட்டினால் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் சாயநீர் அங்கே ஏறி, நீர் ஆவியாகிச் சாயம் மட்டும் தங்கி, புதுக் கறையாகும். அதற்காக மேலே வெள்ளைத் துவாலைகளை ஈரமாக்கிப் பரப்பி, தட்டுகளைப் பாரமாக வைத்தேன்.

“நேற்றிரவு ஊறவைத்துத்தானே கெடுத்தீர்கள்? இன்றும் ஊறவைத்தால் எப்படிச் சரியாகும்?” என்று மனைவி கேட்டாள். மிகச் சரியான கேள்வி. சொட்டு நீலத்தில் ஒரு துளியை ஒரு குவளை நீரில் விட்டுப் பாருங்கள். அதே துளியை ஒரு குளத்தில் விட்டுப் பாருங்கள். சாயம் எப்போதும் நூலுக்கும் நீருக்கும் இடையே ஒரு கணக்கின்படி தன்னைப் பங்கிட்டுக்கொள்கிறது. நீர் குறைவாகவும் சாயம் செறிவாகவும் இருந்தால் நூலின் பங்கு கூடும். நீர் மிகுந்தால் நீரின் பங்கு கூடும். சிறிய வாளியில் துணிமேல் துணி அழுந்தி, செறிந்த சாயநீர் உப்போடு கூடி நின்றது, ஆகவே ஏறிற்று. அண்டாவில் நீர் பெருகி, சூடு பிடிப்பைத் தளர்த்தி, சலவைத்தூள் இறங்கிய சாயத்தைச் சூழ்ந்து மிதக்கவைத்தது, ஆகவே இறங்கிற்று. இயந்திரத்தில் போடும் சாயம் பிடிக்கும் தாள்களும் மிதக்கும் சாயத்தைத் தாம் வாங்கிக்கொள்வதன்றி வேறில்லை. அவற்றின் வயிறு சிறியது, பெருஞ்சாயத்துக்குப் போதா.

முதல் நீரை நான்கு மணி நேரத்தில் மாற்றினேன். இரண்டாவது இரவு முழுவதும் இருந்தது. மூன்றாவது நீரில் கையை விட்டால் விரல் நகம் தெளிவாகத் தெரிந்தது. அதன்பின் குளிர்ந்த நீரில் அலசி, பிழியாமல் துவாலையில் அழுத்தி, மாடியில் நிழலான இடத்தில் பாயை விரித்து ஒற்றையாகப் பரப்பினோம். ஈரத்தோடு மடித்தால் மடிப்புக்கு மடிப்பு சாயம் தாவும். பட்டும் கம்பளியும் கலந்த போர்வைக்கு இந்த வெந்நீர் முறை ஆகாது என்பதையும், நேரடிச் சாயமோ நிலையற்ற தாவரச் சாயமோ ஏறிய துணி இருந்தால் வெந்நீரில் அதன் நிறமே போய்விடும் என்பதையும் மறந்துவிட வேண்டா. அவற்றுக்குக் குளிர்ந்த நீரும் விரைந்த அலசலுமே தகும். நிறம் போக்கும் குளோரின் தூளின் பக்கம் போகவே கூடாது. அது கறையையும் சேலையையும் வேறுபாடின்றி வெளுக்கும்.

அண்டா நீரைத் தோட்டத்தில் கொட்டப் போனபோது கை தயங்கிற்று. ஒரு போர்வையின் கரையிலிருந்து இவ்வளவு சிவப்பு. சாயப்பட்டறைகளில் அலசி வெளியேறுவது எவ்வளவு இருக்கும்! நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்திற்கென்று 1992-இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. திருப்பூரின் சாயக்கழிவும் அதனோடு சேர்ந்த உப்பும் வந்து தேங்கி, பயிருக்கு ஆகாத நீராயிற்று. 2011 ஜனவரியில், கழிவுநீரைச் சிறிதும் வெளியே விடாத ஏற்பாடு அமையும் வரை சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. உழவர்க்கு அது நீதி. பட்டறையில் கூலி வேலை செய்தவர்க்கு அடுப்பு அணைந்த மாதங்கள். சாயத்தைத் துணியில் இன்னும் முழுமையாகப் பிணைக்கவும், உப்பையும் நீரையும் குறைக்கவும் வழி காண்பது இன்றும் முடிவுறாத ஆராய்ச்சி. இரசாயனம் பயில்வோர் உங்களுள் எவரேனும் அதில் இறங்கினால், வேட்டிகளும் ஆறுகளும் ஒருங்கே பிழைக்கும்.

போர்வை காய்ந்தது. பதினாறு வெள்ளைச் சதுரங்களில் பதினைந்து வெளுத்துவிட்டன. கரையை ஒட்டியிருந்த ஒன்றில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு இலேசான சிவப்பு நின்றுவிட்டது. அதைப் பிரித்து வேறு துண்டு வைக்கலாம் என்றேன். அம்மா விரலால் தடவிப் பார்த்தார்கள். “உங்கள் அப்பா வெற்றிலை போட்டுக்கொண்டு வேட்டியில் துடைக்காத நாள் உண்டா? இருக்கட்டும்” என்றார்கள்.

பேத்தி விடுதிக்குப் புறப்பட்ட அன்று, போர்வையை எப்படித் துவைக்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழ, தனியே, நிறைந்த நீரில், ஊறவிட்டு மறந்துவிடாமல், நிழலில் ஒற்றையாக என்று வரிவரியாக எழுதி, மடிப்பினுள் வைத்தேன். அவள் அதை எடுத்து முழுவதும் படித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: “தாத்தா, உப்பு எத்தனை பிடி?”